புதுப்பிப்பு: எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் மூன்றாவது வாரம் எடை நிற்பதும், திரும்பி வரும் பசியும்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிய முந்தைய இழையில் "ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மீதியைக் குழாய்போல் ஆக்கும் அறுவை) செய்தால் பசி போய்விடும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன்.

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது, வெட்டி எடுக்கப்படும் இரைப்பையின் மேல்பகுதியில்தான். ஆனாலும் முதல் வாரங்களில் வயிற்றைக் கிள்ளுவது பல நேரம் அமிலம். சாப்பிட்ட சற்று நேரத்தில் எரிச்சலோடு 'பசித்தால்', மருத்துவர் கொடுத்த அமிலக் குறைப்பு மாத்திரை விட்டுப்போனதா என்று பாருங்கள். தாகமும் பசி வேஷம் போடும். சில மிடறு தண்ணீர் குடித்து 15 நிமிடம் பொறுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

திரவ உணவுக் கட்டத்தில் உண்மைப் பசியும் வரலாம். திரவம் இரைப்பையில் தங்காமல் இறங்கிவிடுவதே காரணம். அதற்காகத் திட உணவுக்குத் தாவாதீர்கள், தையல் கோடு இன்னும் ஆறவில்லை. நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதத்தைப் பல சிறு வேளைகளாகப் பிரியுங்கள். மசித்த உணவு தொடங்கியபின் உணவோடு தண்ணீர் வேண்டாம். 30 நிமிடம் கழித்துக் குடிக்கலாம்.

எடை நிற்பது? முதலில் வேகமாக இறங்கியதில் ஒரு பகுதி, கிளைகோஜனோடு (உடல் சேமித்துவைக்கும் சர்க்கரை) போன நீர்தான். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்துவைக்கும். உடல் அதை ஓரளவு திரும்பச் சேர்க்கும்போது, கொழுப்பு கரைந்தாலும் முள் அசையாது. 1 முதல் 3 வாரம் இப்படிப் போகும். உணவை மேலும் குறைத்தால் தசைதான் கரையும். வாரம் ஒருமுறை எடை, கூடவே இடுப்பளவு, போதும்.

நிற்காத வாந்தி, காய்ச்சல், படபடப்பு, கடும் வயிற்றுவலி இருந்தால் காத்திருக்காமல் உடனே அறுவை சிகிச்சைக் குழுவை அழையுங்கள்.