தங்கச்சிக்கு நர்சிங் சீட் கிடைச்சிருக்கு, பணத்துக்கு என்ன வழி?

கேள்வி:
எங்களுக்கு தேனி பக்கம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறார். தங்கச்சி ஆறாவதுலேர்ந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. கவுன்சிலிங்ல தனியார் கல்லூரில பி.எஸ்சி. நர்சிங் கிடைச்சிருக்கு. ஃபீஸ் போக ஹாஸ்டல், யூனிஃபார்ம், ரெக்கார்டு நோட்டுன்னு இழுக்குது. அம்மா தாலிச் செயினைக் கழட்டி வச்சிட்டாங்க. அதுல கைவைக்க எனக்கு மனசில்ல.

பதில் 1:
செயினைத் தொடாதீங்கண்ணா. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்கான புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் அவ கணக்குக்கே வரும். கல்லூரியிலயே விண்ணப்பிக்கலாம். நான் மூணாவது வருஷம்; பஸ், வெள்ளை ஷூ, மெஸ் பாக்கி எல்லாம் அதுலதான் ஓடுது.

பதில் 2:
எஸ்.சி., எஸ்.டி.ன்னா போஸ்ட் மெட்ரிக் (பத்தாவதுக்கு மேல படிக்கிறவங்களுக்கான) உதவித்தொகை இருக்கு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி போர்ட்டல்ங்கிற வெப்சைட்ல விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேக்கக் கூடாது, அப்பா கையெழுத்து போதும். பேங்க் மேனேஜர் "நர்சிங்கா..."ன்னு இழுத்தா கவுன்சிலிங் அலாட்மென்ட் ஆர்டரை நீட்டுங்க. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குத்தான் ரொம்ப மூக்கைச் சுளிப்பாங்க.

பதில் 3:
"ஃபீஸே வேண்டாம், முடிச்சதும் எங்க ஆஸ்பத்திரில வேலை பாரு"ன்னு யாராவது பாண்ட் (ஒப்பந்தப் பத்திரம்) நீட்டினா உஷார். எத்தனை வருஷம், என்ன சம்பளம், நடுவுல விட்டா எவ்வளவு கட்டணும், ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் யார்கிட்ட இருக்கும்? இதெல்லாம் எழுத்துல இல்லாம கையெழுத்துப் போட வேண்டாம்.