போடி லைன்காரர் ஏரிக்கரையில்

குழு: போடி வீடு

கவிதா: அப்பா, எங்கே இருக்கிறீர்கள்? 372 பஸ் கென்மோரைத் தாண்டிப் போய் அரை மணி நேரம் ஆகிறது, போனையும் எடுக்கவில்லை.

அப்பா: நடக்கிறேன்மா. ஒன்றும் ஆகவில்லை. பிறகு சொல்கிறேன்.

செந்தில்: என்னப்பா, சியாட்டில் போயும் தொலைந்துவிட்டீர்களா 😂

சரோஜா அத்தை: அண்ணே, மொழி தெரியாத ஊரில் தனியாக எதற்கு?

அப்பா: (20 நிமிடம் கழித்து) சரி, இப்போது ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், கேளுங்கள். கென்மோரில் இறங்கு என்று கவிதா சொல்லியிருந்தாள். இங்கே கண்டக்டரும் இல்லை விசிலும் இல்லை, ஜன்னல் ஓரம் ஒரு மஞ்சள் கயிறு, அதை நாமே இழுக்க வேண்டும், எனக்கோ யாராவது ஊர் பெயரைக் கத்துவார்கள் என்று நினைப்பு. லேக் ஃபாரஸ்ட் பார்க் வந்த பிறகுதான் முழித்தேன். இறங்கி ரோட்டைக் கடந்தால் பழைய ரயில் தடத்தில் போட்ட நடைபாதை அங்கேயும் போகிறது! ரோடும் பாதையும் ஏரிக்கரையை ஒட்டி ஒன்றாகவே வருகின்றன. அப்புறம் என்ன, ஏரியை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு கென்மோருக்கே திரும்பி நடந்துவிட்டேன். ஒன்றரை மைல் இருக்கும்.

கவிதா: முட்டி வலிக்கவில்லையா? இங்கே பாத்தல் ஊர் மேட்டில் பத்து நிமிடம் நடந்தாலே உட்கார்ந்துவிடுவீர்களே.

அப்பா: அதுதான் விஷயம். ரயில் போன இடம்மா இது. ரயில்வேக்காரர்கள் எங்களுக்கு நூறு அடிக்கு ஓர் அடி ஏறினாலே அது பெரிய ஏற்றம். வளைவுகூட நீளமாக, நிதானமாகத்தான் திரும்புகிறது. தண்டவாளம் இல்லை, தார் போட்டிருக்கிறார்கள், ஆனாலும் காலுக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் லைன் பார்த்த கால் ஆயிற்றே.

செந்தில்: நான் இப்போதுதான் தேடிப் பார்த்தேன். 1885-இல் பர்க், கில்மன் என்று இரண்டு பேர் முன்நின்று தொடங்கிய ரயில் கம்பெனியாம், மரமும் நிலக்கரியும் ஏற்றிப் போயிருக்கிறது. 1971-இல் லைனைக் கைவிட்டார்கள், 1978-இல் 12 மைல் நடைபாதையாகத் திறந்தார்கள். ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் திருடன் வருவான் என்று சண்டை போட்டார்களாம், இப்போது அதே பாதையைச் சொல்லித்தான் வீடு விற்கிறார்கள்.

சரோஜா அத்தை: அண்ணே, நம்ம மதுரை–போடி லைனை 2010 கடைசியில் நிறுத்திவிட்டு இப்படி நடைபாதை போட்டிருந்தால் நான் போய் மறியல் செய்திருப்பேன். தேனிக்கு ரயில் வர 2022 ஆயிற்று, உங்கள் போடிக்கு 2023. நடக்கவா ரயில் கேட்டோம்?

அப்பா: நீ சொல்வது சரிதான் சரோஜா, அங்கே ரயில்தான் வேண்டும். இங்கே ரயில் திரும்பி வராது என்று ஆன பிறகும் இடத்தைத் துண்டு துண்டாக விற்காமல் விட்டார்களே, அதைச் சொல்கிறேன்.

கவிதா: அப்பா, சைக்கிள்காரர்கள் வேகமாக வருவார்கள், வலப்பக்கமே நடங்கள்.

அப்பா: பின்னாலிருந்து "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்துகிறார்கள். நான் முதலில் என்னை இடப்பக்கம் போகச் சொல்கிறார்கள் என்று நினைத்து அங்கேயே நகர்ந்துவிட்டேன், அந்தப் பையன் சடக்கென்று பிரேக் போட்டான். அவன் இடப்பக்கமாக முந்துகிறான் என்று அர்த்தமாம். அவனே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனான்.

சரோஜா அத்தை: கடவுளே 🙏

அப்பா: இப்போது கென்மோர் லாக் பூம் பார்க்கில், தண்ணீருக்குள் நீட்டிய மரப்பாலத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஏரியிலிருந்தே விமானம் கிளம்புகிறது! சக்கரத்துக்குப் பதில் இரண்டு படகு மாதிரி. வெள்ளையாக ஒரு கோடு இழுத்துக்கொண்டே போய், சட்டென்று கோடு அறுந்துவிடுகிறது, பார்த்தால் மேலே போய்விட்டது. மூன்று பார்த்துவிட்டேன், நான்காவதுக்குக் காத்திருக்கிறேன்.

கவிதா: அப்பா, பஸ்ஸில் ஏறி இரண்டு மணி நேரத்துக்குள் திரும்ப ஏறினால் அதே டிக்கெட். இப்போது கிளம்பினால் கிடைக்கும்.

அப்பா: 65 தாண்டியவர்களுக்கு 1 டாலர்தானே, போகட்டும் விடு. வழியெல்லாம் வேலியோரம் கருப்பாக ஒரு முள்ளுப்பழம், ஒரு பாட்டி பறித்துத் தின்றாள், நானும் தின்றேன்.

கவிதா: பிளாக்பெர்ரி. நிறைய இருக்கும்.

அப்பா: நாளைக்கு அந்த மூடி போட்ட டப்பா ஒன்று எடுத்து வை. லேக் ஃபாரஸ்ட் பார்க்கிலேயே இறங்கிக்கொள்கிறேன். கயிற்றை இழுத்துத்தான்.