சிங்கப்பூர் – நியூயார்க்: தூரத்தை வேகத்தால் வகுத்தால் கணக்கு உதைக்கிறதே?

தேக்காவாசி:
வணக்கம். நியூயார்க்கில் இருக்கும் என் தங்கையைப் பார்க்க, அப்பாவும் அம்மாவும் இங்கிருந்து எங்கும் இறங்காமல் செல்லும் விமானத்தில் போகிறார்கள். இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 15,350 கிலோமீட்டர் என்றும், விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்றும் படித்தேன். வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது. அட்டவணையோ 18 மணி 45 நிமிடம் என்கிறது. பயணச்சீட்டில் டிசம்பர் 10 பின்னிரவு 12.05க்குப் புறப்பட்டு, அதே 10 காலை 5.50க்கு இறங்குவதாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அப்பா, "ஆறு மணி நேரம்கூட இல்லையே" என்கிறார். எது சரி?

இரவுப்பயணி:
அட்டவணைதான் சரி. சீட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள். டிசம்பரில் நியூயார்க் நம்மைவிட 13 மணி நேரம் பின்தங்கியிருக்கும் (கோடையில் 12). அவர்கள் இறங்கும்போது இங்கே மாலை 6.50. திரும்பும்போது இது தலைகீழாகும்: ஜனவரி 5 இரவு 10.30க்கு ஏறினால், இங்கே வந்து சேர்வது 7-ஆம் தேதி காலையில். இன்னொன்று, 10-ஆம் தேதி பின்னிரவு 12.05 என்றால் 9-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இதில் ஏமாறுபவர்கள் அதிகம்.

வரைபடப்பித்தன்:
தட்டையான வரைபடத்தை மறந்துவிட்டு, உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சிங்கப்பூர் கிழக்கே 104 பாகையிலும் நியூயார்க் மேற்கே 74 பாகையிலும் இருப்பதால், இரண்டும் பூமியின் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கங்களில் அமைகின்றன. ஆகவே மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டியே செல்கிறது. இங்கிருந்து துருவம்வரை சுமார் 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க் 49.4 பாகை, மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் நீங்கள் சொன்ன தூரம் கிடைத்துவிடும்.

ஆனால் விமானம் பெரும்பாலும் அந்த நூலின் மேல் பறப்பதில்லை. நடு அட்சரேகைகளுக்கு மேலே, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் தாரைக்காற்றைப் பிடிப்பதற்காக, போகும்போது ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைக் கடக்கும்; திரும்பும்போது பல நாட்களில் அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து வரும். தூரம் கூடினாலும் முதுகில் காற்று தள்ளுவதால் எரிபொருள் மிச்சம். இரு முறையும் கிழக்கு நோக்கியே பறந்தால், உங்கள் பெற்றோர் உலகை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார்கள். பிள்ளையார் பெற்றோரைச் சுற்றினார். இங்கே பெற்றோரே உலகைச் சுற்றுகிறார்கள்!

மேலும், அட்டவணை நேரம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறு வாயிலில் நிற்பது வரையிலானது. ஓடுபாதைக்கு ஊர்வதும் அதில் அடக்கம்.

இரவுப்பயணி:
இந்தத் தடத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயன்படுத்தும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் குறைக்க 161 இருக்கைகள் மட்டுமே வைத்திருக்கிறார்கள்; சாதாரண எக்கானமி வகுப்பே கிடையாது. 2004 முதல் 2013 வரை நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏ340-500 அருகிலுள்ள நியூவர்க்குக்குப் பறந்தது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் நிறுத்தி, 2018 அக்டோபரில் இந்தப் புதிய விமானத்துடன் மீண்டும் தொடங்கினார்கள்.

தேக்காவாசி:
இருவருக்கும் நன்றி. அப்பா புறப்பாடு 10-ஆம் தேதி இரவு என்று நினைத்து, அன்று மாலை அத்தையைச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறார். 8-ஆம் தேதிக்கு மாற்றச் சொல்லிவிட்டேன்.