இரட்டை விண்மீன் கேம்: கோள் ஏன் பறந்துபோகிறது?

காட்பாடி_கோடர்:
என் கேமில் ஆல்ஃபா சென்டாரி என்ற இரட்டை விண்மீனின் ஏ, பி இரண்டையும் சேர்த்துச் சுற்றும் கோளை 40 வானியல் அலகில் (ஒரு அலகு = பூமி-சூரியன் தூரம்) வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே ஓடிவிடுகிறது. விண்கப்பலின் காக்பிட்டும் நடுங்குகிறது. ஏன்?

ஏலகிரி_வானம்:
தம்பி, அந்த இரண்டுமே 11-லிருந்து 36 அலகு வரை நெருங்கி விலகும். 40-ல் எந்தக் கோளும் தங்காது. 80 அலகு தாண்டினால் நிலைக்கும், ஆனால் அங்கே உறைபனிதான். கெப்ளர்-16 என்ற நிஜ இரட்டை விண்மீனைப் பாருங்க: விண்மீன் இடைவெளி 0.22 அலகு, கோள் 0.70-ல். மூணு மடங்குக்கு மேல். உங்க கோளை ஏ-வை மட்டும் 1 அலகில் சுற்ற விடுங்க.

பாலாறு_பைட்:
நகர்வை ஆய்லர் முறையில் (எளிய படிப்படிக் கணக்கு) கணக்கிட்டால் ஆற்றல் படிக்குப் படி ஏறும், அதுவும் கோளை வெளியே தள்ளும்; ஆற்றலைக் கட்டுக்குள் வைக்கும் லீப்ஃப்ராக் முறை போடுங்க. விண்மீன்களுக்கு அதுவும் வேண்டாம். எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று நேரடியாகத் தரும் கெப்ளர் சமன்பாடு போதும்: காலம் 80 ஆண்டு, மையப்பிறழ்ச்சி (பாதை எவ்வளவு நீள்வட்டம் என்ற அளவு) 0.52, பொது நிறைமையத்தைச் சுற்றி.
காக்பிட் நடுக்கம் 32-பிட் ஃப்ளோட் (துல்லியம் குறைந்த தசம எண் வகை) வேலை. மீட்டரில் எழுதினால், 1 அலகு தூரத்தில் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடைவெளியே 16 கிலோமீட்டர்! இடங்களை டபுளில் (64-பிட் எண்) வைத்து, வரையும்போது கேமராவின் இடத்தைக் கழித்துவிட்டு ஃப்ளோட்டுக்கு மாற்றுங்க.

காட்பாடி_கோடர்:
நன்றிண்ணா. பகலில் இரண்டு நிழல் விழணுமா?

ஏலகிரி_வானம்:
கண்ணுக்குத் தெரியாது. மிக அருகில் வரும்போதும் பி தருவது நம்ம சூரிய ஒளியில் 0.4 சதவீதம்தான். ஆனால் அப்போது இரவில் அது முழுநிலவைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் ஒளிரும். பல கேம்கள் இந்த இரவைக் கருப்பாக விட்டுவிடுகின்றன, எரிச்சல்!
மே மாதம் இரவு 11 மணிவாக்கில் வேலூரிலிருந்தே ஆல்ஃபா சென்டாரியைத் தெற்கே 16 டிகிரி உயரத்தில் பார்க்கலாம். சின்னத் தொலைநோக்கியிலேயே இரண்டாகப் பிரியும்.