மின்சாரம் இல்லாத காவிரி டெல்டாவில் 'வண்டல்நெய்' விளக்கு: நம்பும்படி இருக்கிறதா?

வெண்ணாற்றங்கரை

வணக்கம் நண்பர்களே. மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை நடப்பது நம் டெல்டாவில்தான், கல்லணையிலிருந்து கோடியக்கரை வரைக்கும், ஆனால் அந்த உலகத்தில் மின்சாரம் ஒரு தலைமுறைக்கு முன்பே போய்விட்டது. கம்பியில் ஓடுவதில்லை, பேட்டரியில் நிற்பதில்லை, ஏன் என்று யாருக்கும் தெரியாது. மண்ணெண்ணெய் வரத்தும் நின்றுவிட்டது.

அதற்காக நான் கற்பனை செய்த எரிபொருள்தான் வண்டல்நெய். ஆடியில் புதுவெள்ளம் வயலில் ஏறி நின்று, வடியும்போது வண்டலின் மேல் பாலாடை மாதிரி ஒரு கொழுப்பு படிகிறது. மின்சாரம் போன அதே வருடம்தான் முதல்முதலாகப் படிந்தது. அதைத் தேங்காய்ச் சிரட்டையால் வழித்து, பானையில் காய்ச்சி, துணியில் வடிகட்டினால் வெளிர்பச்சையாக ஒரு நெய் கிடைக்கும். புகையே வராது, பால் மாதிரி வெள்ளை வெளிச்சம், ஒரு உழக்கு ஊற்றினால் விடியும்வரை எரியும்.

எழுத எழுத இது ரொம்ப சுலபமாகக் கிடைக்கிறதே என்று உறுத்துகிறது. எல்லோருக்கும் கிடைத்துவிட்டால் அப்புறம் கதை எங்கே? எரிவதிலும் ஏதோ தவறு இருக்கும் என்று தோன்றுகிறது. இந்த மண்ணைத் தெரிந்தவர்கள் சொன்னால் திருத்திக்கொள்வேன்.

கடைமடைக்காரன்

தம்பி, நான் வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியதே, அதற்கப்புறம் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதனால் இருட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். முதல் இரண்டு நாள் மெழுகுவர்த்தி, அது கடையில் தீர்ந்ததும் அகல், தேங்காயெண்ணெய். வீட்டைச் சுற்றி முந்நூறு தென்னை விழுந்து கிடக்கிறது, அதன் எண்ணெயில் விளக்கேற்றி உட்கார்ந்திருந்தோம், அதை இப்போது நினைத்தாலும் தொண்டையை அடைக்கிறது. அந்த ஒரு மாதத்தில் ராத்திரி சாப்பாடு ஆறரைக்கு வந்துவிட்டது. ஒரு விளக்குதான் என்பதால் எல்லோரும் ஒரே அறை. பிள்ளைகள் புத்தகத்தைச் சுடரிடம் கொண்டுபோய் முடியைப் பொசுக்கிக்கொண்டார்கள். இதெல்லாம் உங்கள் கதையில் வர வேண்டும்.

சரி, கேட்டதற்கு வருகிறேன். ஆடை படிய வேண்டுமானால் வயலை வடியவிட வேண்டும் என்கிறீர்கள். கரண்ட் இல்லையென்றால் போர்செட்டு கிடையாது. போர்செட்டு இல்லையென்றால் பாதி ஊரில் குறுவை கிடையாது, ஆற்றுத் தண்ணீரை நம்பி சம்பா ஒரு போகம்தான். ஆடி ஆவணியில் வரும் தண்ணீரைப் பிடித்து வைத்து நாற்றங்கால் விட வேண்டும், சேறடிக்க வேண்டும், அப்புறம் நடவு. அந்த நேரத்தில் தண்ணீரை வடிகாலில் திறந்துவிடுகிறவனை ஊர் என்ன செய்யும்? வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கிற தலைமடைக்காரனுக்குக் கவலையில்லை, இன்று வடித்தால் நாளை மறுபடி பாயும். வாய்க்கால் முடிகிற கடைமடையில் எங்களுக்கு வந்ததே முறைவைத்துத்தான், அதுவும் கடைசியில்தான். அதை வடித்தால் விளக்கு எரியும், உலை கொதிக்காது.

உங்கள் நெய் சுலபமாகக் கிடைக்கவே கிடைக்காது தம்பி. மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர்தான் உங்கள் உலகத்தில் பெரிய ஆள். அவரை வைத்து எழுதுங்கள். நெய் வழிக்கவும் நடவுக்கும் அதே பெண்கள்தான் இறங்க வேண்டும், கூலி எதற்கு அதிகம் என்பது இன்னொரு சண்டை.

"திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு" என்பார்கள். விளக்கழகு என்று பேர் வாங்கிய ஊருக்கே வெளிச்சம் கடைசியாக வருகிறது என்று எழுதினால் எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவரும் படிப்பார்கள்.

பாடம் நடத்துபவள்

பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். 'புகையே இல்லை, ஆனால் வெள்ளை வெளிச்சம்' என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அகல் சுடர் பிரகாசமாகத் தெரிவதே அதற்குள் நுண்ணிய கரித்துகள்கள் பழுத்து ஒளிர்வதால்தான். கரியே உண்டாகாமல் சுத்தமாக எரிந்தால் சுடர் சமையல் கேஸ் மாதிரி நீலமாக, மங்கலாக இருக்கும், படிக்க உதவாது. கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிவந்த பெட்ரோமாக்ஸ் லைட்டில் அத்தனை வெள்ளையாக ஒளிர்ந்தது சுடர் இல்லை, அதன் மேல் கட்டியிருந்த மேண்டில் என்கிற வலைப்பை. ஆகவே உங்கள் ஊரில் மேண்டில் செய்கிற ஒரு குடும்பம் வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சத்தை மஞ்சளாக்கி, கொஞ்சம் கரியும் படியவிடுங்கள். என் ஓட்டு மஞ்சளுக்கு.

விளக்கின் வடிவத்தையும் பாருங்கள். மண்ணெண்ணெய் நீர்த்தது, திரியில் நன்றாக ஏறும், அதனால் அரிக்கேன் விளக்கில் டேங்க் அடியில் இருக்கலாம். நெய்யும் எண்ணெயும் கெட்டி, அதிக உயரம் ஏறாது, அகலில் எண்ணெய் சுடருக்குப் பக்கத்திலேயே நிற்பது அதனால்தான். வண்டல்நெய்யை லாந்தரில் ஊற்றித் தெருவில் நடக்கிற மாதிரி எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். மார்கழிக் குளிரில் அது தேங்காயெண்ணெய் மாதிரி உறையவும் செய்யலாம். விடியற்காலையில் கோலம் போட எழுந்தவள் முதலில் விளக்கை அடுப்போரம் வைத்து இளக்குவாள்.

இது எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு யோசனை. நீர் நிற்கும் சேற்றில் காற்றில்லாமல் மட்கும்போது நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்கும், நட்ட வயலில் கால் வைத்தால் குமிழி வருமே, அதில் அதுவும் இருக்கிறது. கொள்ளிவாய்ப் பிசாசு என்று நம் பாட்டிமார் பயமுறுத்தியது இந்தச் சதுப்பு வாயு எரிவதைத்தான் என்று ஒரு விளக்கம் உண்டு. அதே சேற்றில் ஒரு புது நுண்ணுயிர் வாயுவுக்குப் பதிலாகக் கொழுப்பைச் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் அதற்குப் 'பிசாசுநெய்' என்று பேர் வைத்திருப்பார்கள், சாமி மாடத்தில் ஏற்ற மறுப்பவர்களும் இருப்பார்கள்.

இன்னொன்று, அண்ணன் சொன்ன கடைமடையில் கடல்நீர் ஏறி மண்ணில் உப்பு இருக்கும். உப்பு கலந்த நெய் சடசடவென்று பொரியும், சுடர் இன்னும் அழுத்தமான மஞ்சளாகும். எரிவதைப் பார்த்தே எந்த ஊர் நெய் என்று சொல்லிவிடலாம்.

கல்வெட்டுப் பித்தன்

உழக்குக் கணக்கு சரியாக வந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அணையாமல் எரிய வேண்டிய ஒரு நந்தாவிளக்குக்கு நாள் ஒன்றுக்கு ஒரு உழக்கு நெய்தான். அதற்காக 96 ஆடு கொடுப்பார்கள், இல்லாவிட்டால் 48 பசு, 16 எருமை. ஆட்டை வாங்கிக்கொண்டவர் நெய் அளக்க வேண்டும், மந்தையின் எண்ணிக்கை குறையக்கூடாது, 'சாவா மூவாப் பேராடு' என்று அதற்குப் பேர். ஒரே ஒரு விளக்குக்குப் பின்னால் ஒரு மந்தை, ஒரு குடும்பம், கல்லில் ஒரு ஒப்பந்தம். உங்கள் ஊரிலும் இத்தனை மா நிலத்தின் ஆடை இந்தத் தெருவிளக்குக்கு என்று மதகுச் சுவரில் வெட்டி வையுங்கள்.

அப்புறம் திருவாரூர் நமிநந்தியடிகள். விளக்குக்கு நெய் கேட்டுப் போன வீட்டில் "தண்ணீரை ஊற்றி எரியுங்கள்" என்று விரட்டினார்கள். அவர் குளத்துத் தண்ணீரை முகந்து ஊற்றினார், விடியவிடிய எரிந்தது. தண்ணீரிலிருந்து வெளிச்சம் என்பது உங்களுக்கு முன்பே இந்த மண்ணில் இருக்கிறது. முதல் வருடம் ஆடையைப் பார்த்த கிழவர் ஒருவருக்கு இது ஞாபகம் வராமல் இருக்காது.

அரசலாறு

1934-ல் மேட்டூர் கட்டியதிலிருந்து வண்டலில் பெரும்பகுதி அணையிலேயே தங்கிவிடுகிறது. நமக்கு வருவது தெளிந்த தண்ணீர். வண்டல் இல்லாமல் வண்டல்நெய் எப்படி?

வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் தூங்கவில்லை, முதல் நான்கு அத்தியாயத்தைக் கலைத்துவிட்டேன்.

அரசலாறு கேட்டதற்குப் பதில்: மேட்டூரின் அடிமதகுகளைத் திறந்தே விட்டுவிட்டார்கள். அதனால் வண்டல் வருகிறது, ஆனால் தேக்கி வைக்க எதுவுமில்லை, வெள்ளம் வந்தால் உண்டு. முன்பு பாசனத்துக்கு மேட்டூரைத் திறக்கும் நாளாக இருந்த ஜூன் 12 என்ற தேதி மட்டும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. அன்று ஒவ்வொரு வீட்டிலும் பழைய நெய்யின் கடைசிச் சொட்டை எரித்துவிட்டு ஆற்றைப் பார்க்கப் போகிறார்கள்.

டீச்சர், சுடர் மஞ்சள்தான், லாந்தரை எடுத்துவிட்டேன். அண்ணே, லஸ்கரை ஒரு பெண்ணாக ஆக்கியிருக்கிறேன், கணவன் இறந்ததும் மதகுச் சாவி அவளிடம் வந்தது, அவள் பிறந்த ஊர் தலைஞாயிறு. அவள் திறந்தால் பிறந்த ஊருக்கு நெல், மூடினால் புகுந்த ஊருக்கு வெளிச்சம். இதில் ஒன்று மட்டும் கேட்க வேண்டும், முறை வைக்கும்போது ராத்திரியில் மதகைக் காக்க யார் போவார்கள்?

கடைமடைக்காரன்

மதகுக்கு நாலு பேர், ஊருக்கு இரண்டு பேர் வீதம். எங்கள் அப்பா போவார். கையில் மண்வெட்டியும் ஒரு விளக்கும் இருக்கும், ஆனால் விளக்கை ஏற்ற மாட்டார்கள். ஏற்றினால் தூரத்தில் எவனாவது கரையை வெட்டுவது கண்ணுக்குத் தெரியாது என்பார். இருட்டில் உட்கார்ந்து தண்ணீர் சத்தத்தைக் கேட்பார்கள், சத்தம் மாறினால் எழுந்து ஓடுவார்கள்.