என் பூதத்துக்கு இழக்க எதுவும் இல்லை, உதவுங்கள்

நண்பர்களே, உலகம் அழிந்த பிறகு நடக்கும் ரோல்பிளேயிங் கேம் ஒன்று செய்கிறேன். நாயகிக்குத் துணையாக ஒரு பூதம் வருகிறது.

எனக்கு முன்மாதிரி, 2010-இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் என்ற கேமில் வரும் லில்லி. நீலத்தோல், ராட்சத உடம்பு, கையில் பெரிய வாள்; ஆனால் பேரப்பிள்ளைகளுக்காக ஏங்கும் பாட்டி. மருந்தை முழுதாகச் சாப்பிட்டால் மனம் தெளியும், அவர்களின் நினைவு மங்கிவிடும். அதனால் பாதி அளவுதான் சாப்பிடுவாள். அவள் என்ன செய்யட்டும் என்று ஆடுபவர்தான் சொல்ல வேண்டும். அங்கே எனக்குக் கை ஓடவில்லை.

என் பூதம் ஒரு பழைய அணையின் மதகைக் காக்கிறது. தோற்றமும் குரலும் சரியாக வந்துவிட்டன. ஆனால் அப்படி ஓர் இழப்பு அதற்கு அமையவில்லை. என்ன கொடுக்கலாம்? நீண்ட வசனம் இல்லாமல், கூட நடக்கும்போதே அதை எப்படிக் காட்டுவது? கதை எழுதிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.