‘இயக்கி’ எத்தனை பொருளைச் சுமக்கும்? ‘வலவன்’ என்ற சொல்லுக்கான முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பிற கருவிகளுக்குள் பொதிந்திருக்கும் சிறு கணினிகளான உட்பொதி அமைப்புகள் பற்றி நாம் எழுதும் நூலின் இயல்களில், வன்பொருள் சாதனத்தை இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலோடு பேசவைக்கும் மென்பொருளுக்கு ‘சாதன இயக்கி’ என்றே எழுதிவந்தோம். மேசைக் கணினியின் திரைகளில் பல ஆண்டுகளாகப் பழகிய சொல் என்பதால் அதை ஐயுறத் தோன்றவில்லை. ஆனால் மின்னோடி (மின்சார மோட்டார்) கட்டுப்பாடு பற்றிய இயலை எழுத உட்கார்ந்தபோது முதல் பத்தியிலேயே தடுக்கி நின்றேன். நம் பழைய அகராதிகளில் மின்னோடிக்கு ‘மின் இயக்கி’ என்ற பெயரும் உண்டு. ஒற்றைச் சில்லுக் கணினியான நுண்கட்டுப்படுத்தியின் முனை சில மில்லியாம்பியர் மின்னோட்டத்தைத்தான் தரும். மின்னோடிக்கோ ஆம்பியர் கணக்கில் வேண்டும். ஆகவே இரண்டுக்கும் இடையில் ஒரு சில்லு வைக்கப்படுகிறது; அதையும் ‘இயக்கி’ என்கிறோம். அந்தச் சில்லுக்கு ஆணை அனுப்பும் நிரலும் ‘இயக்கி’. மின்னோடி, அடைப்பிதழ் (வால்வு), மின்காந்த உருளை ஆகியவற்றுக்குப் பொதுப்பெயராக, அளந்தறியும் கருவிகளுக்கான ‘உணரி’ என்ற சொல்லின் மறுபாதியாக நாம் ஏற்றுக்கொண்டதும் ‘இயக்கி’தான். இதன்படி நான் எழுதவேண்டியிருந்த தொடர் ‘மின் இயக்கியின் இயக்கிக்கான இயக்கி’ என்பதாகும். அதைப் படிக்கும் மாணவருக்கு எந்த இயக்கியில் பழுது என்று எப்படித் தெரியும்?

இதே விபத்து முன்பும் நேர்ந்திருக்கிறது. ‘செயலி’ என்ற சொல்லை முதலில் கணிப்புச் சில்லுக்கு வைத்தோம். பிறகு கைப்பேசியில் நிறுவும் மென்பொருளுக்கும் அதே சொல் பரவிவிட்டது. இன்று ‘செயலியின் வேகம் குறைவு’ என்று எழுதினால் குறை சில்லிலா மென்பொருளிலா என்பதை அடுத்த வரியைப் பார்த்துத்தான் அறியவேண்டியிருக்கிறது. அந்தச் சொல் கைமீறிப் போய்விட்டது. ‘இயக்கி’யை இன்னும் பிடித்து நிறுத்தலாம்.

முன்னர் எழுதிய நண்பர் ஒருவர், மென்பொருளுக்கு ‘இயக்கி’யை விட்டுவிட்டு, அசையும் உறுப்புகளுக்கு ‘அசைப்பி’ என்று வைக்கலாம் என்றார். நான் அதற்கு நேரெதிராக, அசையும் உறுப்புகளுக்கு ‘இயக்கி’யை விட்டுவிட்டு மென்பொருளுக்கு வேறு பெயர் வைக்கவேண்டும் என்று கருதுகிறேன். வால்வைத் திறப்பதும் சக்கரத்தைச் சுழற்றுவதும் உண்மையாகவே இயக்குதல். சாதன மென்பொருள் செய்யும் வேலையில் இயக்குதல் பெரும்பாலும் இல்லை. எல்எம்75 என்ற வெப்பநிலை உணரியை எடுத்துக்கொள்வோம். சில்லுகள் இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்ளும் ஐ2சி தடத்தில் அதன் முகவரியை அழைத்து, இரண்டு பைட்டுகளைப் பெற்று, அவற்றில் பொருளுள்ள 9 பிட்டுகளைப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு படியும் அரை டிகிரி செல்சியஸ் எனக் கணக்கிட்டு, பயன்பாட்டு நிரலுக்கு ஒரே எண்ணாகத் தருவதே அங்கே அந்த மென்பொருளின் பணி. அந்த உணரியில் எதுவும் அசைவதில்லை. மேலே இருக்கும் பயன்பாட்டு நிரல் ‘திற, படி, எழுது’ என்ற பொதுவான வேண்டுகோள்களை மட்டும் அறியும். கீழே இருக்கும் சாதனம் பதிவகங்கள் எனப்படும் தன் சிறு நினைவிடங்களையும் நேரக் கணக்கையும் மட்டும் அறியும். இரண்டு பக்கத்தின் இயல்பையும் அறிந்து நடுவில் நிற்பதுதான் இந்த மென்பொருள்.

பிணையத்துக்கு வந்தால் இது இன்னும் தெளிவாகும். நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள ஈதர்நெட் கம்பிப் பிணையத்தில், சட்டகம் எனப்படும் தரவுப் பொதியின் மிகச் சிறிய அளவு 64 பைட்டு; முன்னொட்டுக்கு 8 பைட்டும் இடைவெளிக்கு 12 பைட்டும் சேர்த்தால் 84 பைட்டு, அதாவது 672 பிட்டு. ஆகவே 6.72 மைக்ரோநொடிக்கு ஒன்றாக, நொடிக்கு ஏறத்தாழ 1,48,800 சட்டகங்கள் வந்து சேரக்கூடும். ஒவ்வொன்றுக்கும் செயலிச் சில்லு தன் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பார்ப்பதைத் தவிர வேறெதற்கும் நேரம் இராது. அதனால் லினக்ஸ் கெர்னலில் என்ஏபிஐ எனப்படும் முறையில், முதல் சட்டகம் வந்ததும் பிணைய அட்டை செயலியைக் கூப்பிடும் அழைப்பை அந்த மென்பொருள் அடைத்துவிடுகிறது. பிறகு கெர்னல் தானே வந்து, வழக்கமாக ஒரு முறைக்கு 64 சட்டகங்கள் வரை அள்ளிச் செல்கிறது. வரிசை காலியானதும் அழைப்பு மீண்டும் திறக்கப்படுகிறது. எப்போது கடிவாளத்தை இழுக்கவேண்டும், எப்போது தளர்த்தவேண்டும் என்று அறிந்தவரின் வேலை இது. ‘கடிவாளம்’ என்ற சொல்தான் என்னைத் தேரோட்டியிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

தேரோட்டிக்குச் சங்கத் தமிழில் ‘வலவன்’ என்று பெயர். புறநானூற்றின் 27ஆம் பாடலில் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று வருகிறது; ஓட்டுபவர் எவரும் ஏவாமல் தானே செல்லும் வான ஊர்தி என்பது பொருள். தேரை இழுப்பது குதிரை. போகவேண்டிய இடத்தைச் சொல்பவர் தேரில் அமர்ந்திருப்பவர். குதிரையின் குணமறிந்து அந்தச் சொல்லை அதற்குப் புரியும் அசைவாக மாற்றுபவர் வலவன். பயன்பாட்டு நிரல், சாதனம், நடுவிலுள்ள மென்பொருள் ஆகிய மூன்றின் உறவும் இதில் அப்படியே பொருந்துகிறது.

நான் மகிழ்ந்தது இன்னொன்றுக்காக. இந்தச் சொல் தன் வினையையும் கையோடு கொண்டுவருகிறது: வலவன் ஏவுகிறது. சாதனத்துக்கு அனுப்பப்படும் ஆணையை ‘ஏவல்’ எனலாம். அது எழுதப்படும் இடம் ‘ஏவல் பதிவகம்’. விடை தெரியும் இடம் ‘நிலைப் பதிவகம்’. தனித்தனியாகச் செதுக்கி ஒட்டவேண்டிய மூன்று நான்கு சொற்கள் ஒரே உவமையிலிருந்து கிடைக்கின்றன.

மறுப்புகளையும் எடுத்துக்கொள்கிறேன். பழஞ்சொல், எவருக்கும் புரியாது என்பது முதலாவது. அதே அடியில் உள்ள ‘ஊர்தி’ இன்று வானூர்தி, சரக்கூர்தி என்று நாள்தோறும் புழங்குகிறது. அதன் துணையாக நின்ற சொல்லும் திரும்பி வர முடியும் என்றே நம்புகிறேன்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. கருவிகளுக்கு நாம் வைத்தவை பெரும்பாலும் உணரி, திசைவி, வழங்கி, தொகுப்பி என இகரத்தில் முடிய, ‘வலவன்’ ஆண்பால் விகுதியோடு நிற்கிறது. இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ‘வலவி’ என்று மாற்றிப் பார்த்தேன்; வேர் மறைந்து, சொல் வெறும் ஓசையாகிவிடுகிறது. ஆனால் ‘சூரியன் உதித்தது’, ‘கதிரவன் மறைந்தது’ என்று னகர ஈற்றுப் பெயரை அஃறிணை முடிபோடு எழுதுவது இன்றைய உரைநடையில் இயல்பாகவே உள்ளது. ‘வலவன் பதிலளித்தது’, ‘வலவன்கள் ஏற்றப்பட்டன’ என்று எழுதினால் மயக்கம் வராது. ‘வலவர்’ என்ற பலர்பால் வடிவத்தை மட்டும் தவிர்க்கவேண்டும்.

மாற்றாக வந்த சொற்களில் ‘செலுத்தி’ நல்ல தமிழ்தான். ஆனால் அலைபரப்பும் கருவிக்கு அது ஏற்கெனவே வழங்குகிறது, வானலைப் பிணையம் பற்றிய இயலில் மோதும். ‘கையாளி’யைக் குறுக்கிட்டு வரும் அழைப்புகளைக் கவனிக்கும் நிரல்துண்டுக்கு ஒதுக்கிவைத்திருக்கிறோம். ‘பணிப்பி’ என்பதை நானே ஒரு வாரம் ஆதரித்தேன். குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்கும் நிகழ்நேர இயங்குதளங்களில் ‘பணி’ என்பது தனிப் பொருளுடைய சொல் என்பதால் கைவிட்டேன்.

செயல்முறைகளுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு) இடையிலான தொடர்பு பற்றிய இயலிலும் இந்தச் சொல் தாங்குகிறதா என்று பார்த்தேன். மினிக்ஸ் 3, கியூஎன்எக்ஸ் போன்ற, கெர்னலை மிகச் சிறிதாக வைக்கும் மைக்ரோகெர்னல் அமைப்புகளில் இந்த மென்பொருள் கெர்னலுக்கு வெளியே தனிச் செயல்முறையாக ஓடுகிறது. பிற செயல்முறைகள் அதற்குச் செய்தி அனுப்பி, விடைக்குக் காத்திருக்கின்றன. மினிக்ஸ் 3இல் அது முறிந்துவிழுந்தால், அமைப்பு முழுவதையும் நிறுத்தாமல் அதை மட்டும் மீண்டும் தொடங்கிவிட முடியும். ‘வட்டு வலவன் விழுந்தது; காத்திருந்த செயல்முறைக்குப் பிழைச்செய்தி போனது; புதிய வலவன் பொறுப்பேற்றது’ என்று எழுதும்போது தொடர் தெளிவாக நிற்கிறது. இதே இடத்தில் ‘இயக்கி’ என்று எழுதினால், விழுந்தது வட்டைச் சுழற்றும் மின்னோடியோ என்ற ஐயம் வரும்.

இதோடு தொடர்புடைய சிறு திருத்தம் ஒன்று. சாதனம் செயலியின் கவனத்தை இழுப்பதற்கும், வானலையில் ஒரு குறிகை (சிக்னல்) இன்னொன்றைக் கெடுப்பதற்கும் ‘குறுக்கீடு’ என்ற ஒரே சொல்லை ஆண்டுவருகிறோம். வானலைச் சில்லின் வலவனை விளக்கும் பக்கத்தில் இவை இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. கெடுப்பதற்குக் ‘குறுக்கீடு’ இருக்கட்டும். கவனத்தை இழுப்பதற்குக் ‘குறுக்கழைப்பு’ என்று வைக்கலாம். சாதனம் அழைக்கிறது, செயலி செவிசாய்க்கிறது, முடிந்ததும் விட்ட இடத்துக்குத் திரும்புகிறது என்ற நிகழ்ச்சி முழுவதும் அதில் அடங்கும்.

மேசைக் கணினியின் பட்டிகளில் உள்ள ‘இயக்கி’யை மாற்றச் சொல்லவில்லை. அங்கே மோதுவதற்கு வேறு இயக்கிகள் இல்லை. பழகிய கண்களைக் குழப்புவதில் பயனும் இல்லை. ஒரே பொருளுக்கு இரு துறைகளில் இரு பெயர் என்ற குறை இதனால் வரும் என்பதை ஏற்கிறேன். நூலின் முதல் இயலில் ஒரு வரியில் அதைச் சொல்லிவிடலாம்.

மின்னோடிக்கு முன் நிற்கும் சில்லின் பெயர் மட்டும் எனக்கு இன்னும் நிறைவு தரவில்லை. அது செய்வது மின்னோட்டத்தைப் பெருக்கித் தருவது என்பதால் ‘ஓட்டப் பெருக்கி’ என்று எழுதிப் பார்த்தேன். திசையை மாற்றித் தரும் அதன் இன்னொரு பணி அதில் விடுபடுகிறது. மின்னணுத் துறை நண்பர்கள் இதற்கு ஒரு சொல் தந்தால், அந்தத் தொடரை முடித்துவிடலாம்: ‘வலவன் ஏவுகிறது, … மின்னோட்டம் தருகிறது, மின்னோடி சுழல்கிறது.’